மலையுச்சி வேறு மாவட்டம்

1

இந்தக் குறிப்பை எழுத வைத்தவள் ஹெல்கா. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில், எனக்கு எதிர்மேசையில் நின்று படுக்கை விரிப்பு மடிப்பவள். நல்ல மனுசி. போன கிழமை, இந்த வருடம் வேலையாட்கள் எல்லோரும் சேர்ந்து மலைக்குப் போகிறோம், நீயும் வா என்றாள். எங்கள் நகரத்துக்குப் பின்னால் நிற்கிற மலையைத்தான் சொன்னாள். நான் வரவில்லை என்றேன்.

"உங்கள் ஆட்களுக்கு நடப்பது பிடிக்காது, இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

நடப்பது பிடிக்காதாம். மன்னாரில் எங்கள் வீதியில் ஷெல் விழுந்த நாளில், பிள்ளையை இடுப்பிலும் தோளிலுமாக மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு மடுக் காடுவரை நடந்தவள் நான். ஹெல்காவுக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் முகத்தைச் சரித்து என் கையைப் பிடிப்பாள். அந்தப் பிடி எனக்கு வேண்டாம்.

ஊரிலிருந்து சொந்தக்காரர் நீங்களும் எழுதிக் கேட்கிறீர்கள்: "மலை, காடு எல்லாம் பின்னுக்குத் தெரிய நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு." அந்த மலை தெரிய எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்வேன். ஆறு வருடமாகியும் அது ஆறவில்லை.

2

அப்போது இரண்டு ஜேர்மனியும் ஒன்றாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஸ்ருட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் இந்தச் சின்ன நகரத்தில், தண்டவாளத்தை ஒட்டிய பழைய விடுதிக் கட்டடம் ஒன்றில் அகதிகளை வைத்திருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சமைக்க எல்லோருக்கும் பொதுவாக ஒரு குசினி. வேறு நகரங்களில் இப்படியான விடுதிகளுக்கு நெருப்பு வைப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, என் கணவர் படுக்கைக்கு அருகே ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு படுப்பார்.

எங்களிடம் ஒரு மடித்த தாள் இருந்தது. அதில் எங்கள் படம், அதன் கீழே ஒரு வசனம்: இவர் இந்த மாவட்டத்துக்குள் மட்டுமே தங்கியிருக்கலாம். தங்கியிருக்கலாம் என்றால், நடமாடலாம் என்றுதான் அர்த்தம். அடுத்த மாவட்டத்தில் செத்த வீடு என்றாலும், அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று, ஒரு நாள் அனுமதி எடுத்துக்கொண்டு போகவேண்டும். பக்கத்து அறை ஞானம் அண்ணை, யாழ்ப்பாணத்து மனிதர், எங்களுக்கு முன்னே வந்தவர், ஒருமுறை அனுமதி இல்லாமல் நண்பரைப் பார்க்கப் போய் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். "முதல் தரம் தண்டம். ரெண்டாந்தரம் எண்டா கிரிமினல் கேஸ். கவனமா இருங்கோ தங்கச்சி" என்று எனக்கு அடிக்கடி சொல்வார்.

ஒரு ஆட்டுக்கு எவ்வளவு நீளத்தில் கயிறு கட்டுவது என்று யோசிக்கிறவர்கள்கூட, கயிறு எங்கே முடிகிறது என்பதை ஆட்டுக்குத் தெரியும்படி கட்டுவார்கள். எங்கள் கயிறு கண்ணுக்குத் தெரியாதது. வயல் நடுவில், பாலத்தின் பாதியில், ஒரு தெருவின் வளைவில் அது முடியும்.

மகள் டிலானி நாலாம் வகுப்பு. வகுப்பில் ஒரேயொரு கறுத்தப் பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறை வகுப்பு முழுக்க நடைப்பயணம் போகும் நாள் ஒன்று இங்கே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. அந்த முறை மலைக்கு. துணைக்கு இரண்டு மூன்று தாய்மார் தேவை.

"அம்மா, நீங்களும் வாங்கோவன். எல்லாற்ற அம்மாவும் ஒருக்கா வந்திட்டினம். நீங்கள் மட்டும்தான் வரேல்லை" என்றாள்.

எனக்கும் ஆசையாக இருந்தது. மன்னாரில் மலை ஏது? எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கோயில் மணிக்கூண்டுதான். முப்பத்திரண்டு வயதுவரை நான் ஒரு மேட்டில்கூட ஏறியதில்லை. ஆனாலும் தாளில் இருந்த வசனம் மறக்கவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் ஆசிரியையைப் பிடித்தேன். ஃபிராவ் ஹாபர். இளம் பெண், எப்போதும் அவசரத்தில் இருப்பவள். எனக்குத் தெரிந்த ஜேர்மனைக் கூட்டிப் பிடித்துக் கேட்டேன்: "மலை... நாங்கள்... க்ரைஸுக்குள்ளேயா?"

ஜேர்மனில் க்ரைஸ் என்றால் வட்டம். மாவட்டத்துக்கும் பேச்சில் அதே சொல்தான். அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"ஆமாம், ஆமாம், க்ரைஸில்தான்!" என்று ஃபிராவ் ஹாபர் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கை என்ன சொன்னது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒரு பக்கத்தால் ஏறி, சுற்றி, மறுபக்கத்தால் இறங்குகிறோம் என்பது அதன் அர்த்தம்.

3

அந்த நாளை நான் வெறுக்கவேண்டும். ஆனால் பாதி நாள் எனக்குப் பிடித்திருந்தது. அதுவும் என் கோபத்தில் ஒரு பங்கு.

மற்றத் தாய்மார் தடித்த சப்பாத்தும் முதுகுப் பையுமாக வந்திருந்தார்கள். தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த வெள்ளைச் சப்பாத்து என் காலில். கையில் ஒரு பெட்டி ரோல்ஸ். விடியவே எழும்பி, இறைச்சிக் கறி குறைந்த உறைப்பில் வைத்து, சுருட்டிப் பொரித்தது. டிலானி முதலில் அந்தப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தாள். "அம்மா, இங்க எல்லாரும் பாண்தான் கொண்டு வருவினம்." பிறகு தன் சிநேகிதிகளோடு முன்னால் ஓடிவிட்டாள். அவள் அவர்களோடு பேசுவது பள்ளிக்கூட ஜேர்மன்கூட இல்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் மூக்காலும் தொண்டையாலும் இழுத்துப் பேசுவது. பின்னால் நடந்துகொண்டு கேட்டேன். என் பிள்ளையின் குரலில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை.

காடு செங்குத்தாக ஏறியது. சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான மரங்கள், புதிய இலை. காலடியில் போன வருடச் சருகு. மூச்சு வாங்கியது. ஒரு கல்லில் இருந்தபோது மற்றத் தாய் ஒருத்தி தண்ணீர் தந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை, சிரித்தோம். போதுமாக இருந்தது.

மரங்கள் முடிந்து புல்வெளி வந்தது. அதன் நடுவில் ஒரு கல் கோபுரம், ஒரு கடை, கார்கள் நிறுத்தும் இடம். பிள்ளைகள் கோபுரத்தில் ஏற நானும் ஏறினேன். மேலே நின்று பார்த்தபோது நகரம் முழுவதும் கீழே கிடந்தது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணால் போய் எங்கள் விடுதியின் கூரையைக் கண்டுபிடித்தேன். நெருப்புப் பெட்டி அளவு. டிலானி என் அருகில் வந்து, யாரும் பார்க்காதபோது, என் கையைப் பிடித்தாள்.

"எங்கட அறை யன்னல் தெரியுதா அம்மா?"

"தெரியுது பிள்ளை. உன்ர அப்பா நித்திரை."

அவள் சிரித்தாள். இரவு முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டுப் பகலில் தூங்குகிற அப்பாவை மலையுச்சியிலிருந்து பார்ப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

கீழே இறங்கிப் புல்லில் இருந்து ரோல்ஸ் பெட்டியைத் திறந்தேன். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். வெண்ணெய் பூசிய பாணைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டாவது கேட்டு வந்தார்கள். டிலானி இப்போது பெட்டியைத் தானே வாங்கி, பெரிய மனுசி மாதிரிப் பங்கிட்டாள். அந்த நேரத்தில்தான் பொலிஸ் கார் வந்து நின்றது.

அவர்கள் எங்களைத் தேடி வரவில்லை. அந்த இடத்தில் கார்களை உடைத்துக் களவு நடப்பதால் அடிக்கடி வந்து பார்ப்பார்களாம். இரண்டு பேர். ஒருவர் இளையவர், மற்றவர் நரைத்த மீசைக்காரர். புல்வெளியில் வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியை, தாய்மார், வேறு நடைப்பயணிகள் என்று நிறையப் பேர் இருந்தோம். மீசைக்காரர் நேராக என்னிடம் வந்தார். வேறு ஒருவரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"அடையாளத் தாள்."

கொடுத்தேன். விரித்துப் படித்தார். திருப்பிப் படித்தார். என்னவோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ஃபிராவ் ஹாபர் ஓடிவந்து, இவர் எங்களோடு வந்தவர், வகுப்புத் தாய் என்றாள். அவர் அவளுக்கு மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு, பிள்ளைக்கு ஜேர்மன் தெரியுமா என்று கேட்டார். டிலானியைக் கூப்பிட்டார்கள். பாதி கடித்த ரோல்ஸோடு வந்து நின்றாள்.

அவர் குனிந்து அவளிடம் பேசினார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அம்மா, இது எங்கட இடம் இல்லையாம்."

"என்ன இடம்?"

"இந்தக் கோபுரம், புல்லு எல்லாம். எங்கட மாவட்டம் அந்த மரங்களோட முடிஞ்சு போச்சாம். நீங்கள் இங்க நிக்கேலாதாம். அவையோட போகட்டாம்."

காட்டின் விளிம்பைத் திரும்பிப் பார்த்தேன். வேலி இல்லை. பலகை இல்லை. மரம் முடிந்து புல் தொடங்கியது, அவ்வளவுதான்.

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு பொடியன் சத்தமாகக் கேட்டான்: "உன் அம்மா என்ன திருடினா?" திருடுவது என்ற சொல் எனக்குத் தெரியும். கடைகளில் எங்கள் பின்னால் வருகிறவர்கள் அதைக் கற்றுத் தந்திருந்தார்கள். டிலானி கையிலிருந்த ரோல்ஸைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

"நீ ரீச்சரோட போ பிள்ளை. நான் பின்னேரம் வந்திடுவன்" என்றேன்.

அவள் போய் ஃபிராவ் ஹாபருக்குப் பின்னால் நின்றாள். பொலிஸ் காரின் பின் இருக்கையில் இருந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நிலையத்தில் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போகச் சொன்னார்கள். அதுவும் அடுத்த மாவட்டம்தான். பஸ் வரும்வரை அந்தத் தரிப்பில் நிற்பதும் குற்றமா என்று கேட்க எனக்கு மொழி இல்லை.

4

டிலானி அன்று பின்னேரம் ரோல்ஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நாள் கழித்து, பல் வைத்தியரிடம் போகக் கூப்பிட்டபோது சொன்னாள்: "நான் வரமாட்டன். இனி நான் ஒருத்தருக்கும் மொழிபெயர்க்க மாட்டன்."

இங்கே வந்த நாள் தொட்டு எங்கள் வாய் அவள்தான். வைத்தியர், அலுவலகம், கடை, தபால்காரன், எல்லாவற்றுக்கும் அவள். ஆறேழு வயதில் தொடங்கியவள். எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்கப்படுகிறாள், எங்களைக் கைவிடப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "ஜேர்மன்காரி ஆகிட்டாயோ?" என்று கத்தினேன். அவள் கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சரி, வேண்டாம். நானே படிக்கிறேன் என்று தொடங்கினேன். பழைய பத்திரிகை, தொலைக்காட்சிச் செய்தி, தேவாலயத்தில் ஓர் ஓய்வுபெற்ற பெண் நடத்திய வகுப்பு. கோபத்தில் படித்தால் சொல் நன்றாக ஏறும். எனக்கு ஏறியது.

தண்டக் கடிதம் வந்தது. ஞானம் அண்ணை வாசித்துவிட்டுச் சொன்னார்: "கட்டிப்போட்டுப் பேசாம இருங்கோ தங்கச்சி. கோடு கச்சேரி எண்டு போனா அசூல் கேஸில அடி விழும்." அசூல் கேஸ் என்றால் எங்கள் அகதி விண்ணப்பம்.

என் கணவரும் பயந்தார். "இஞ்சேர், எங்களுக்கு வேற வேலை இல்லையே? ஒரு மலைக்காக ஏன் இவங்களோட கொழுவுறாய்?"

"மலைக்காக இல்லை. கேட்டுப்போட்டுத்தானே போனனான்? கேட்ட ஆளுக்கே தண்டமெண்டா, பிறகு என்னத்துக்குக் கேக்கிறது?"

மறுப்புக் கடிதம் எழுத ஃபிராவ் ஹாபர் உதவினாள். தானே சாட்சி சொல்வதாகவும் சொன்னாள். அவளுக்கு உண்மையாகவே வருத்தம். ஆனால் அவள் வருத்தப்படும்போதெல்லாம் நான்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. அதுவும் எனக்குச் சலித்துவிட்டது.

5

நீதிமன்றம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு வகுப்பறை அளவு அறை. கண்ணாடி போட்ட நீதிபதி, நிதானமான மனிதர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்திருந்தார்கள். வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன். நீதிபதி புருவத்தை உயர்த்தினார்.

ஃபிராவ் ஹாபர் எழுந்து நடந்ததைச் சொன்னாள். "இவர் மாவட்டத்தைக் கேட்டார். வட்டமாக நடக்கிறோமா என்று கேட்கிறார் என நான் நினைத்து..." என்று கையால் மறுபடியும் அந்த வட்டத்தைப் போட்டாள்.

நீதிபதி சிரித்தார். எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார். ஃபிராவ் ஹாபரும் வெட்கத்தோடு சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு நல்ல கதையைக் கேட்டால் வருகிற சிரிப்பு. அதனால்தான் எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. நான் எழுந்து நின்றேன். பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை. வந்தது இதுதான்:

"இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நான் சரியான சொல்லைத்தான் சொன்னேன். என் பிள்ளைக்கு ஒன்பது வயது. அவள் வகுப்புக்கு முன்னால், அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போகிறோம் என்பதை, அவள் வாயாலேயே அவள் அம்மாவுக்குச் சொல்ல வைத்தார்கள். அதற்கு யார் தண்டம் கட்டுவது?"

சிரிப்பு நின்றது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, குற்றம் மிகச் சிறியது என்பதால் வழக்கைக் கைவிடுவதாகச் சொன்னார். "நீங்கள் மகிழ்ச்சியடையலாம்" என்றார்.

குற்றம் இல்லை என்று சொல்லவில்லை. சிறியது என்றார். நான் நன்றி சொல்லாமல் வெளியே வந்தேன்.

6

வீட்டுக்கு வந்தபோது டிலானி மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். நீதிபதியிடம் உன்னைப் பற்றியும் சொன்னேன் என்றதும் பேனையை வைத்தாள்.

"என்னைப் பற்றி ஏன் சொன்னீங்கள்? நான் அன்றைக்கு எல்லாம் மொழிபெயர்க்கேல்லை."

"என்ன?"

"அந்த மீசைக்காரர் நிறையச் சொன்னவர். நான் உங்களுக்குக் கொஞ்சம்தான் சொன்னனான்."

உண்மைதான். அவர் குனிந்து வெகுநேரம் பேசினார். அவள் எனக்குச் சொன்னது சில வசனம். எனக்கு அது அன்று உறைக்கவே இல்லை.

"என்ன பிள்ளை சொன்னவர்?"

அவள் பாடப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்ர அம்மாவுக்குச் சொல்லு, இன்னொருக்கா இங்க கண்டா உங்கள் எல்லாரையும் பிளேனில ஏத்தி அனுப்பிவிடுவம் எண்டு. இங்க ஒருத்தரும் உங்களைக் கூப்பிடேல்லை எண்டு."

நான் அவளருகே இருந்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் அழுவீங்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நிண்டவை." பிறகு சொன்னாள்: "எனக்கு முதல் கேக்க விருப்பமில்லை அம்மா. அவை சொல்லுறது எல்லாத்தையும் நான்தான் முதல் கேக்கிறன்."

இத்தனை மாதமாக என் பிள்ளை ஒரு விமானத்தைத் தனியாகத் தலையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். நானோ அவளை ஜேர்மன்காரி என்று ஏசினேன்.

அந்த மீசைக்காரரை நேரில் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். அவருடைய நிலையம் அடுத்த மாவட்டத்தில். அவர்மீது முறையிடப் போக எனக்கு அனுமதி வேண்டும். அலுவலகத்துக்குப் போனேன். எதற்காக என்று கேட்டார்கள். பொலிஸ்காரர் ஒருவரைப் பற்றி முறையிட என்றேன். தபாலில் எழுதலாமே என்றார்கள். நேரில்தான் என்றேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை, கதிரையை விட்டு எழும்பாமல் இருந்ததால், ஒரு நாள் அனுமதியை எழுதி நீட்டினார்கள்.

பஸ்ஸில் போய் இறங்கினேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. அனுமதித் தாளை முதலில் தட்டில் வைத்தேன். பிறகு சொன்னேன்:

"மலையில் என் மகளிடம் ஒன்றைச் சொல்லி, அம்மாவுக்குச் சொல் என்றீர்கள். அவள் சொல்லவில்லை. இப்போது எனக்கு ஜேர்மன் தெரியும். நீங்களே என்னிடம் சொல்லுங்கள்."

அவர் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்தது. பின்னால் இருந்த இளையவர் தட்டச்சை நிறுத்தினார்.

"எனக்கு நினைவில்லை" என்றார்.

"அவளுக்கு நினைவிருக்கிறது. அவளுக்கு ஒன்பது வயது."

"மன்னிக்கவும், எனக்கு நினைவில்லை" என்று மறுபடியும் சொன்னார், என் தாளைப் பார்த்துக்கொண்டு. முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தேன். எந்தத் தவறும் உறுதிப்படவில்லை என்று பிறகு பதில் வந்தது. எனக்குத் தெரிந்ததுதான்.

அன்று பின்னேரம் விடுதி வாசலில் டிலானி எனக்காக நின்றாள். நான் எங்கே போகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். இனி எதையும் அவளுக்கு மறைப்பதில்லை, அவளையும் மறைக்க விடுவதில்லை என்று நினைத்திருந்தேன்.

"என்னவாம்?" என்று கேட்டாள்.

"நினைவில்லையாம்."

அவள் என் கையிலிருந்த அனுமதித் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"பொய் சொல்லுறார்" என்றாள். "அவருக்கு நினைவிருக்கு. இனி மறக்கவும் ஏலாது."